ஆறரை அங்குல இடம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதாத குறையாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், தையல்காரி நினைவுக்கல்லுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி, மனிதர்களுக்கு எடுப்பதுபோலவே தோளிலிருந்து தொடங்கினாள். தோள் இருபத்தெட்டு அங்குலம். உயரம் எழுபத்து நான்கு. பிறகு கல்லின் பின்பக்கம் போய் மண்டியிட்டு, கடைசிப் பெயரின் அடியில் நாடாவின் பித்தளை முனையை அழுத்திப் பிடித்துக் கீழ்விளிம்பு வரை இழுத்தாள். ஆறரை அங்குலம். சந்தேகம் தீர இன்னொரு தடவை இழுத்தாள். அதே ஆறரைதான். வண்டிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, கல்லுக்குச் சட்டை தைக்கிறீங்களா என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். வாயில் குண்டூசி இருக்கும்போது யாரோடும் பேசாத பழக்கம் அவளுக்கு. குண்டூசி இல்லாதபோதும் வெட்டிப் பேச்சுக்குப் பதில் சொல்லாத பழக்கமும் உண்டு.

அந்தக் கல்லுக்கு இரண்டு முகம். முன்பக்கத்தில், காடு வெட்டிக் கிணறு தோண்டி முதன்முதலில் இங்கே குடியேறிய பதினெட்டுக் குடும்பங்களின் பெயர்கள். பின்பக்கத்தில், போருக்குப் போய்ச் செத்த இருபத்து மூன்று பேரின் பெயர்கள். முன்னாடி வந்தவங்க, பின்னாடி போனவங்க என்று தையல்காரி சொல்வாள். அவள் குடும்பம் பிழைப்புத் தேடிப் பிற்பாடு வந்தது. ஆகவே வந்தவர்கள் பக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. போனவர்கள் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டு வரி இருந்திருக்க வேண்டும். அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

இப்போது சாலையை அகலப்படுத்துகிறார்கள். கல்லைப் பெயர்த்து நூலகத்தின் முன்னால் புதுப் பீடத்தில் நிறுத்தப் போகிறார்கள். போகிற போக்கில், மங்கிப்போன எழுத்துகளை மறுபடியும் ஆழமாக வெட்ட வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். சனிக்கிழமையோடு அவர் வேலை முடிகிறது. அப்புறம் இன்னும் நாற்பது வருஷத்துக்கு உளியோடு யாரும் அந்தக் கல் பக்கம் வரப்போவதில்லை. அவளுக்கு இப்போதே ஐம்பத்து நான்கு வயது. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

அவளுக்கு இரண்டு அண்ணன்கள். அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போருக்குப் போனார்கள். பெரியண்ணன் பெட்டியில் வந்தான். அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தாள். சின்னண்ணனுக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. காணவில்லை என்று எழுதியிருந்தது. ஏழு வருஷம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. இறந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று. அம்மா இரண்டு கடிதத்தையும் தையல் மெஷின் இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

கல்லை நட்டது முதல் கடிதத்துக்கு அடுத்த வருஷம். சின்னண்ணன் பேரு ஏம்மா இல்லை என்று அவள் கேட்டதற்கு, வீட்டுக்கு ஒரு பேருதான்னு கமிட்டியில சொல்லிட்டாங்க என்று அம்மா சொன்னாள். அன்றைக்குப் பிடித்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. இது என்ன ரேஷனா, வீட்டுக்கு ஒன்று என்று கொடுப்பதற்கு? கொடுக்கும்போது இரண்டு பிள்ளையைக் கொடுத்த வீடு, எழுதும்போது மட்டும் ஒன்றா? அம்மாவுக்கும் அதே கோபம்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஏனென்றால் அந்தக் கல் வந்த நாளிலிருந்து அம்மா நாற்சந்தி வழியாகப் போனதே இல்லை. மார்க்கெட்டுக்குப் போவதென்றால்கூடப் பின்சந்து வழியாக அரை மைல் சுற்றித்தான் போவாள்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு. மெஷின் மிதிக்கக் கால் ஒத்துழைக்கவில்லை. கடையின் உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைப்பது, கொக்கி வைப்பது, மகள் தைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பது என்று பகல் முழுக்க வேலை இருக்கும். அளவு நோட்டு மட்டும் இன்றைக்கும் அவள் பொறுப்பு. வாடிக்கைக்காரர்களின் கழுத்து, மார்பு, கை எல்லாம் அதில் பேர்வாரியாக இருக்கும். இளவட்டம் என்றால் கைக்கு அரை அங்குலம் கூட்டித்தான் எழுதுவாள். வளர்கிற உடம்பு என்பாள். யாராவது இறந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. நோட்டு தீர்ந்தால், கோடு விழாதவர்களை மட்டும் புது நோட்டுக்கு மாற்றி எழுத வேண்டும். இப்போது ஓடுவது ஆறாவது நோட்டு. ஆறிலும் சின்னண்ணன் அளவு இருந்தது. அந்தப் பக்கத்தில் கோடு போடாமல், ஒவ்வொரு முறையும் அம்மா அதைப் புது நோட்டுக்கு மாற்றி எழுதினாள். வயதானவளின் பழக்கதோஷம் என்று மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அளவு எடுத்த கையோடு அவள் நினைவுக்கல் குழுவின் செயலாளர் வீட்டுக்குப் போனாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முதல் பதினெட்டுக் குடும்பத்தில் முதல் பெயர் அவருடைய கொள்ளுத்தாத்தாவுடையது. அதைப் பத்து நிமிஷத்துக்குள் சொல்லாமல் யாரையும் வெளியே விடமாட்டார். பதினைந்து வருஷமாக அவருக்குச் சட்டை தைக்கிறவள் அவள்தான். இடுப்பு நாலு அங்குலம் பெருத்ததை வாய்திறக்காமல் தையலைப் பிரித்து விட்டுக்கொடுத்தவள். அந்த நன்றியாவது இருக்கும் என்று நினைத்தாள். அவர் மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாக டீ கொடுத்து, மரியாதையாகக் கையை விரித்தார். பின்பக்கத்தில் இடமில்லை என்றார்.

ஆறரை அங்குலம் இருக்கிறதே என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். அது ஒதுக்கியாகிவிட்டது என்றார். யாருக்கு என்று கேட்டாள். கல்லைப் புதுப்பிக்கிற குழுவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், வரிக்கு மூன்றாக அவர்கள் பெயர் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டிருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, டீ டம்ளரைப் பார்த்தார். தையல்காரிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஆனால் வியாழக்கிழமை குழுக் கூட்டம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஒருவரிடம் கத்துவதை ஒன்பது பேரிடம் சேர்த்தே கத்திவிடலாம் என்று டீயை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்தாள்.

போகிற வழியில் எழுத்து வெட்டுகிறவரைப் பார்த்தாள். கல்லின் நிழலில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எழுத்து ஒண்ணேகால் அங்குலம், வரிக்கு வரி இடைவெளி அரை அங்குலம் என்றார். அவள் எடுத்த அளவும் அதேதான். இரண்டு பேரும் ஒருவர் அளவை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள்.

"ஒரு பேருக்கு ஒண்ணேமுக்கால் இஞ்ச் போதும்க்கா," என்றார் அவர். "எனக்கு அரை நாள் வேலை. வெட்டுன்னு யாராவது சொல்லணும், அவ்வளவுதான்."

புதன்கிழமை மதியம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில், வெட்டு மேஜையில் பழுப்புக் காகிதத்தை விரித்தாள். சட்டைக்கு மாதிரி வெட்டுகிற அதே காகிதம். கல்லின் அடிப்பாகத்தை உள்ள அளவுக்கு வரைந்து, கடைசிப் பெயருக்குக் கீழே சின்னண்ணன் பெயரை ஒண்ணேகால் அங்குல எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தாகக் கத்திரியால் வெட்டி எடுத்தாள். சுழி எழுத்துகள்தான் உயிரை வாங்கின. கழுத்துப்பட்டை வெட்டிப் பழகிய கைக்கு அதுவும் படிந்தது. எல்லாம் முடிந்து பெயரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது கண் கரித்தது. அம்மா விழித்துக்கொள்வதற்குள் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். வேலை முடிந்த பிறகு அம்மாவைக் கல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று ஆசை.

வியாழக்கிழமை கூட்டம் நூலகத்தின் மாடியறையில் நடந்தது. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் போட்டிருந்தது அவள் தைத்த சட்டை. அவள் காகிதத்தை மேஜையில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் அவர்களுடைய டீ டம்ளர்களையே எடுத்து வைத்தாள். எவ்வளவு இடம், எத்தனை எழுத்து, எவ்வளவு மிச்சம் என்று சொன்னாள். தலைவர் இருமினார். தீர்மானத்தை மாற்றுவது கஷ்டம் என்று இன்னொருவர் இழுத்தார். அதோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"வீட்டுக்கு ஒரு பேருதான்னு அன்னைக்குச் சட்டம் போட்டீங்க. எங்கம்மா வாயை மூடிக்கிட்டு வந்தா. இன்னைக்கு ஒன்பது பேரும் உங்க பேரைச் செதுக்கிக்கப் போறீங்க. நீங்க எல்லாம் எந்தப் போர்ல செத்தீங்க?"

 செயலாளர் முகம் சிவந்துவிட்டது. அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லை என்றார். இருந்தது என்றாள் அவள். இல்லவே இல்லை என்று அவர் எழுந்து, மூலையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, தும்மிக்கொண்டே கட்டுக்கட்டாகக் கீழே தள்ளி, ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார். கல் நடுவதற்கு முன்னால் வீடு வீடாகக் கொடுத்து வாங்கிய படிவங்கள். பக்கங்களைப் புரட்டி ஒன்றை உருவி, வெற்றி பெற்றவர்போல அவள் முன்னால் வைத்தார். வைத்த பிறகுதான் அவரும் அதைப் படித்தார். உடனே அதைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். அவள் கையால் அழுத்திக்கொண்டாள்.

இறந்தவர் பெயர் என்ற தலைப்பின் கீழே மூன்று வரிகள் விட்டிருந்தார்கள். முதல் வரியில் பெரியண்ணன் பெயரும் வயதும். இரண்டாவது வரியில், அளவு நோட்டில் தினமும் பார்க்கிற அதே குண்டுக் கையெழுத்தில், 'மற்றவன் வெளியூரில் இருக்கிறான்' என்று எழுதியிருந்தது. கீழே அம்மாவின் கையொப்பம்.

 தையல்காரி நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தாள். நல்ல வேளையாக நாற்காலி அங்கே இருந்தது. செயலாளர் தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.  பிறகு அவர்தான் பேசினார். எந்தப் போரில் செத்தீர்கள் என்று கேட்டதற்குத் தங்களிடம் பதில் இல்லை என்றார். குழுவின் பெயர்கள் கல்லில் வேண்டாம், பீடத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பலகையில் போட்டுக்கொள்ளலாம் என்றார். தகரமா என்று ஒருவர் முனகினார். செயலாளர் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அரசாங்கக் கடிதம் இருந்தாலும், மகன் உயிரோடு இருக்கிறான் என்று பெற்ற தாய் எழுதிக் கொடுத்த காகிதம் கோப்பில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தாயே கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். மாடிப்படி வரை கூட வந்த ஒருவர், அம்மா கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா என்ன, நீங்களே போட்டுக் கொண்டுவந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று காதோடு சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் அம்மாவிடம் பேசவில்லை. பேசினால் வெடித்துவிடுவாள். நாற்பது வருஷமாகக் கமிட்டிக்காரர்கள் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அளவெடுத்தவள் அவள். அவர்கள் எல்லோரையும் கரித்துக்கொட்டியவள் அவள். எல்லாம் ஒரு பொய்யை நம்பித்தானா? ஜன்னலோரம் குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அந்தக் கிழவி மேல் கோபம் கோபமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த வரி ஞாபகம் வரும். வெளியூரில் இருக்கிறான். கோபம் எங்கேயோ போய்விடும். மறுபடியும் கோபம் வரும். அன்றைக்கு ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அம்மா டீ குடித்து முடித்ததும், பழுப்புக் காகிதத்தை அவள் மடியில் விரித்தாள். பக்கத்தில் புதுப் படிவத்தை வைத்தாள். அம்மா வெட்டிய எழுத்துகளின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"பிசிறு இல்லாம வெட்டியிருக்கே," என்றாள்.

"அம்மா, வீட்டுக்கு ஒரு பேருன்னு யாருமே சொல்லலியாமே."

அம்மா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். மூன்று தடவை தவறியது. மகள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"சொல்லல," என்றாள் அம்மா. "பெரியவனைக் கண்ணால பார்த்தேன், எழுதினேன். சின்னவனை யாரு பார்த்தா? பெத்தவ கையாலயே அவன் செத்தான்னு எழுதணுமா? நாளைக்கு அவன் திரும்பி வந்து, கல்லுல தன் பேரைப் பார்த்தான்னா, என்னை என்னடி நினைப்பான்?"

 பின்சந்து வழியாக அம்மா நாற்பது வருஷம் சுற்றிச் சுற்றி நடந்தது கமிட்டிமேல் கோபத்தில் இல்லை என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பெயர் அங்கே இல்லாததைப் பார்க்க முடியாமல் நடந்திருக்கிறாள். அழுதால் வேலை கெட்டுவிடும் என்று தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு எழுத்து வெட்டுகிறவர் மூட்டை கட்டிவிடுவார்.

"அவன் வந்தா, நானே சுத்தியலை எடுத்துட்டுப் போய் அந்தப் பேரை உடைக்கிறேன்மா. வரலைன்னா? நீயும் போய் நானும் போயிட்டா, இப்படி ஒருத்தன் இருந்தான்னு யாருக்குத் தெரியும்? பெரியண்ணனுக்குக் கல்லு இருக்கு. சின்னண்ணனுக்கு நம்ம ரெண்டு பேரு வாய்தான் இருக்கு."

 அம்மா மடியிலிருந்த காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, பாதியில் நின்ற சட்டையை எடுத்துப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். முதல் பொத்தான். இரண்டாவது. மகள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள். அவசரப்படுத்தக் கூடாது, எழுந்தும் போகக் கூடாது என்று எதிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடமிருந்து வந்த பிடிவாதம்தானே அவளுடையதும். ஆறாவது பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சட்டையை மடித்து வைத்துவிட்டு, அம்மா கையை நீட்டினாள்.

"பேனாவைக் கொடு."

கையெழுத்துப் போட வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்தாள். போட்டு முடித்ததும் மை காயட்டும் என்று ஊதினாள். மகள் படிவத்தை எடுக்கப் போனபோது அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கல்லுல வெட்டச் சொல்லு. நோட்டுல மட்டும் கோடு போட்டுடாத."

போடமாட்டேன் என்றாள் மகள். பிறகு எண்பது கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு, செருப்பு போடக்கூட மறந்து, நாற்சந்தி வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள். செயலாளர் அங்கேயே காத்திருந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்து, கோப்பில் வைத்தார். எழுத்து வெட்டுகிறவர் பழுப்புக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, வெட்டிய எழுத்துகளுக்குள்ளேயே சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். இதைவிட நல்ல மாதிரி எனக்கு யாரும் கொடுத்ததில்லை என்றார். மாலை ஐந்து மணிக்குக் கல்லில் இருபத்து நான்கு பேர் இருந்தார்கள்.

மறுநாள் காலை அம்மா பின்சந்துப் பக்கம் திரும்பவில்லை. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு பெரிய சாலை வழியாகவே வந்தாள். கல்லின் பின்பக்கம் நின்று இரண்டு பெயரையும் படித்தாள். பெரியவன் பெயருக்கும் சின்னவன் பெயருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று சாண் போட்டுப் பார்த்தாள். இரண்டு சாணும் நாலு விரலும் என்றாள். வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தவர்கள் என்று சொல்லி அழுதாள். மகளும் அழுதாள். சாலையில் போன வண்டிக்காரர் இந்தத் தடவை எதுவும் கேட்காமல் போனார்.

இரண்டு மாதம் கழித்து அளவு நோட்டு தீர்ந்தது. அம்மாவுக்கு இப்போது கட்டம் போட்ட பக்கம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஏழாவது நோட்டை மகள் எழுதினாள். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தி, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு எழுதினாள். கழுத்து பதினாலரை. மார்பு முப்பத்தாறு. தோள் பதினேழு. கை இருபத்து மூன்றரை.

"கைக்கு அரை இஞ்ச் கூட்டி எழுது," என்றாள் அம்மா. "போனப்ப இருபது வயசுதானே. அப்புறம் வளர்ந்திருப்பான்."

மகள் இருபத்து நான்கு என்று எழுதினாள்.